வசந்தத்தில் மலையேரிகள்: வண்டிவீடு எங்கே நிற்க வேண்டும்?

தென் கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு ஏரி புதிதன்று. காலை நடைக்கு நாங்கள் செல்வது ரவீந்திர சரோவரின் கரைக்கு. வாழையிலையும் காப்பித்தூளும் வாங்குவது அதன் அருகிலுள்ள லேக் மார்க்கெட்டில். ஆயினும் அந்த ஏரி 1920-களில் நகர விரிவாக்கத்தின்போது மனிதர் வெட்டியது. பங்குனி பிறந்து, முள்ளிலவ மரங்கள் இலையின்றிச் சிவந்து நிற்கும் நாள்களில், அதன் கரையில் அமர்ந்திருப்போர் பேச்சு இயல்பாகவே வடக்கே திரும்பிவிடும். பனி உருகும் காலத்து மலையேரிகளைப் பார்த்துவர வேண்டும். இம்முறை விடுதி விடுதியாக மாறாமல், படுக்கையும் சமையலும் கொண்ட வண்டியிலேயே செல்ல வேண்டும் என்று இரு குடும்பங்களாக முடிவு செய்தோம்.

'கேரவன்' என்றதும் நம்மவர் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டிதான் நினைவிற்கு வரும். மேலைநாடுகளில் ஓய்வுபெற்ற தம்பதியர் மாதக்கணக்கில் அதில் ஊர் சுற்றுகின்றனர். நம் நாட்டில் அது இப்போதுதான் பரவுகிறது. 2021-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அங்கே வாகமண் மலையில் இவ்வண்டிகள் தங்குவதற்கென ஒரு பூங்காவும் அமைந்தது. வங்காளத்திலிருந்து மலைக்குச் செல்லும் வழியில் அத்தகைய ஏற்பாட்டை எதிர்பார்த்துக் கிளம்பலாகாது. தண்ணீர் நிரப்புவதும் மின்சாரம் பெறுவதும் கழிவுநீர் அகற்றுவதும் நாமே பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை.

வண்டி தேடியபோதே முதற்பாடம் கிடைத்தது. ஒருவர் மிகக் குறைந்த வாடகையில் தம் வண்டியைத் தர முன்வந்தார். அவர் பெயர் இங்கு வேண்டா. வண்டி புத்தம் புதியது. மெத்தையும் குளிர்பதனப் பெட்டியும் கண்ணைப் பறித்தன. முன்பணம் அனுப்பக் கைப்பேசியை எடுத்த வேளையில் எங்களுள் ஒருவர் எண் பலகையைப் பார்த்தார். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. அதாவது, சொந்தப் பயன்பாட்டிற்கெனப் பதிவு பெற்ற வண்டி.

இதில் என்ன தவறு என்று வாசகர் கேட்கலாம். சொந்தப் பயன்பாட்டிற்கான முகாம் வண்டியைச் சட்டம் போக்குவரத்து வாகனமாகக் கருதுவதில்லை. அதன் உரிமையாளர் தம் குடும்பத்துடன் எங்கு வேண்டுமாயினும் செல்லலாம். ஆனால் கூலிக்கோ வாடகைக்கோ விட்டால், காப்பீட்டுப் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்னும் தலைப்பின்கீழ் உள்ள நிபந்தனை மீறப்படுகிறது. அந்நிலையில் வண்டி பள்ளத்தில் உருண்டால், சேதத் தொகையை நிறுவனம் மறுக்க இடமுண்டு. உள்ளே இருந்தவர்களுக்கான இழப்பீடும் வழக்கில் சிக்கும். வாடகைக்கு ஓட்டுநருடன் வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும், நாமே ஓட்டுவதற்கென வாடகைக்குத் தரப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும் இருக்க வேண்டும். மாநில எல்லை கடப்பதாயின் அகில இந்தியச் சுற்றுலா அனுமதியும் தேவை. பதிவுச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ், காப்பீடு, அனுமதி ஆகிய நான்கையும் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பது என்று அன்று உறுதி செய்துகொண்டோம். சற்று மிகுந்த வாடகையில், சற்றுப் பழைய வண்டி ஒன்று ஓட்டுநருடன் அமைந்தது.

ஓட்டுநர் உரிமம் பற்றியும் ஓர் ஐயம் இருந்தது. இடையிடையே எங்களுள் ஒருவர் ஓட்டலாமா? 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பின்படி, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவிற்கு உட்பட்ட மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் தனி மேலொப்பமின்றி ஓட்டலாம். எங்கள் வண்டி அவ்வரம்பிற்குள் அடங்கியது. எனினும் சட்டம் இடந்தருவது வேறு. மலைவளைவில் ஏழு மீட்டர் நீள வண்டியைத் திருப்புவது வேறு. சமவெளியில் மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டோம்.

'வாடகை எதற்கு? கடன் பெற்று ஒன்று வாங்கிவிடலாமே' என்ற ஆசை எங்களுக்கும் எழுந்தது. காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தோம். வண்டிக்கு 25 லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 9.5 விழுக்காடு, ஏழாண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 40,860 ரூபாய், ஓராண்டிற்கு 4.9 லட்சம், ஏழாண்டு முடிவில் வட்டி மட்டுமே 9.3 லட்சத்திற்கு மேல். இதன்மேல் காப்பீடு, பராமரிப்பு, கொல்கத்தாவில் நிறுத்துமிட வாடகை. விடுமுறையோ ஆண்டில் பன்னிரண்டு நாள். நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வாடகை என்று கொண்டாலும் 1.2 லட்சத்தில் முடிகிறது. ஆண்டில் ஐம்பது நாளாவது சாலையில் இருக்கக்கூடிய ஓய்வுபெற்றோருக்கு இக்கணக்கு மாறலாம், எங்களுக்கு மாறவில்லை. சுங்கச்சாவடிகளில் சொந்த வண்டிக்கு ஒரு சலுகை உண்டு: 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க் கட்டணத்தில் நடைமுறைக்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டுச்சீட்டு, வணிகம் சாராத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். மஞ்சள் பலகைக்கு அது கிடையாது.

கொல்கத்தாவிலிருந்து சிலிகுரி ஏறத்தாழ 570 கிலோமீட்டர். கிருஷ்ணநகர், பஹரம்பூர், ஃபராக்கா, மால்டா, ராய்கஞ்ச் வழியாக 12-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை டால்கோலா வரை செல்கிறது. அப்பால் 27-ஆம் எண் சாலை. ஒரே நாளில் கடந்துவிடலாம் என்பார் உளர். படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்த வண்டிக்கு அது தகாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் நிரப்பினால் ஒன்றரை ஆள் எடை கூடுகிறது. நாங்கள் முதல் இரவை மால்டாவில் கழித்தோம்.

மால்டாவிற்கு முன்னரே ஃபராக்கா அணையின்மேல் கங்கையைக் கடக்கிறோம். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட, 1975-இல் பயன்பாட்டிற்கு வந்த இவ்வணையின் முதன்மை நோக்கம் பாசனமன்று. கங்கை நீரைப் பாகீரதி-ஹூக்ளியில் திருப்பிக் கொல்கத்தாத் துறைமுகத்தில் வண்டல் படியாமல் காப்பதே. மலைநீரை நாடிச் செல்பவர்கள், தம் நகரத்தின் துறைமுகம் மலைநீரால்தான் பிழைத்திருக்கிறது என்பதை இங்கே கண்ணாரக் காணலாம்.

அன்று மாலை வானம் கறுத்தது. பங்குனி சித்திரையில் வங்காளத்தைத் தாக்கும் இப்புயற்காற்றிற்குக் 'கால்பைசாகி' என்று பெயர். பெரும்பாலும் பிற்பகலில் திடீரென எழும். உயர்ந்த பக்கச்சுவர் கொண்ட வண்டியைக் காற்று பாய்மரம்போல் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் மரங்களுக்கு அடியில் நிறுத்தாமல், பெட்ரோல் நிலையம் ஒன்றின் அருகே திறந்த வெளியில் நிறுத்தினார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது.

முதல் மலையேரி மிரிக். சிலிகுரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். சுமேந்து என்று வழங்கும் இவ்வேரியும் ரவீந்திர சரோவரைப் போல மனிதர் ஆக்கியதே. துர்போ தேயிலைத் தோட்டத்திடமிருந்து 335 ஏக்கர் நிலத்தை மாநிலச் சுற்றுலாத் துறை பெற்று, 1974-இல் பணியைத் தொடங்கி, 1979 ஏப்ரலில் திறந்தது. ஒரு கரையில் கூர்நுனி மரங்கள் அடர்ந்த சரிவு, மறுகரையில் ஊர், இடையே ஒரு நடைபாலம். விடுதி ஒன்றின் முற்றத்தில் வாடகை கொடுத்து வண்டியை நிறுத்தி, அவர்களுடைய மின்னிணைப்பைப் பெற்றுக்கொண்டோம். இரவு மின்னடுப்பில் ரசம் வைத்து உண்டது எங்கள் பயணத்தின் பேரின்பங்களுள் ஒன்று. வீட்டு எரிவாயு உருளையை வண்டிக்குள் வைத்துச் சமைப்போர் சிலரையும் வழியில் கண்டோம். மூடிய வண்டியில் கசிவு ஏற்பட்டால் தப்பிக்கும் வாயில் ஒன்றே என்பதை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மிரிக் செல்வோர் சாலையின் நிலையை அன்றன்று கேட்டறிய வேண்டும். 2025 அக்டோபர் தொடக்கத்தில் கொட்டிய பெருமழையில் இவ்வட்டாரத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. உயிர்கள் பல போயின. துதியாவில் பாலஸன் ஆற்றின்மீது இருந்த இரும்புப் பாலம் இடிந்தது. கனமான வண்டிக்கு எந்தப் பாலம், எந்த வழி என்பதைச் சிலிகுரியிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

எங்கள் வண்டிவீடு இதற்குமேல் ஏறவில்லை. சிலிகுரிக்குத் திரும்பி, காவலுள்ள நிறுத்துமிடம் ஒன்றில் அதை விட்டுவிட்டு, உள்ளூர் ஜீப்பில் சிக்கிம் சென்றோம். தோல்வி மனப்பான்மையுடன் இதை எழுதவில்லை. தொடக்கத்திலேயே செலவுத் திட்டத்தில் ஜீப் வாடகையைத் தனி வரியாக எழுதி வைத்திருந்தோம். வண்டிக்கு வாடகை கொடுத்துவிட்டோமே, முடிந்த மட்டும் ஓட்டிப் பார்ப்போம் என்னும் எண்ணந்தான் மலையில் பலரை இடருக்கு உள்ளாக்குகிறது. கொடுத்த பணம் போனது போனதே. அது அடுத்த வளைவைக் குறுகலற்றதாக ஆக்கிவிடாது.

சேவோக்கில் 1941-இல் கட்டி முடிந்த கொரோனேஷன் பாலத்தை அடுத்து, 10-ஆம் எண் நெடுஞ்சாலை தீஸ்தாவின் கரையோடு செல்கிறது. ஆற்றுப் படுகை பல இடங்களில் மணலும் பாறையுமாக மேடிட்டிருந்தது. 2023 அக்டோபர் 4-ஆம் நாள் அதிகாலைக்கு முன், வட சிக்கிமில் தெற்கு லோனாக் என்னும் பனியாற்று ஏரி உடைந்தது. சுங்தாங்கிலிருந்த 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணையை வெள்ளம் அடித்துச் சென்றது. இச்சாலையும் பல இடங்களில் அரிக்கப்பட்டது. மலையேரி என்றால் படம் பிடிக்கத்தக்க நீலநீர் என்றே நாம் எண்ணுகிறோம். பனியாறு உருகி உருகி, தான் தள்ளிய கல்லும் மண்ணுமே கரையாகத் தேங்கிய ஏரிகளும் அங்கு உள. அக்கரை தளர்ந்தால் கீழேயுள்ள ஊர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம். சில வேளை அதுவுமில்லை.

சிக்கிமிற்குள் நுழைய இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச்சீட்டுத் தேவையில்லை. ஆனால் எல்லைக்கு அருகிலுள்ள ஏரிகளுக்குத் தேவை. காங்டாக்கிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோங்மோ அத்தகையது. சாங்கு என்றும் சொல்வர். பதிவுபெற்ற சுற்றுலா முகவர் வழியாக முந்தைய நாளே விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுள் ஒன்றின் நகலும் புகைப்படங்களும் கேட்பர். சிக்கிமில் பதிவான வண்டியிலேயே வழக்கமாக அழைத்துச் செல்கின்றனர். எங்கள் கேரவன் காங்டாக் வரை வந்திருந்தாலும் அங்கே வெறுமனே நின்றிருக்கும்.

சோங்மோ 3,753 மீட்டர் உயரத்தில், முட்டை வடிவில், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கிறது. நாங்கள் கண்ட நாளில் பாதி உறைந்தும் பாதி உருகியும் இருந்தது. பனிப்பாளம் விலகிய இடத்தில் நீர் கறுப்பாகத் தோன்றியது. மேகம் விலகியதும் அதுவே நீலமாயிற்று. வழியெங்கும் ரோடோடென்ட்ரான் மலர்ந்திருந்தது. நேப்பாளியில் குராஸ். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று நம்மவர் அழைக்கும் மரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்பால் உறவினரைக் கண்டதுபோல் இருந்தது. இம்மலர்களை உலகறியச் செய்தவர் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலார். 1848 ஏப்ரலில் டார்ஜிலிங் வந்து, அடுத்த ஆண்டு தீஸ்தாவின் தலைப்பகுதியிலுள்ள சோலாமு ஏரி வரை சென்றவர். தம் துணைவர் காம்பெலுடன் 1849 நவம்பரில் சிக்கிம் அரசின் ஆள்களால் சிறைபிடிக்கவும் பட்டார். செல்லக்கூடாத எல்லைகளுக்குச் சென்றதும் அவர்கள்மீதான சினத்திற்கு ஒரு காரணம். அனுமதி விவகாரம் இம்மலைக்குப் பழையது.

அனுமதி எல்லையை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதுவோருக்கு ஒரு நாளை நினைவூட்ட வேண்டும். 2023 ஏப்ரல் 4. இதே போன்ற வசந்த நாள். காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையில் பனிச்சரிவு ஏற்பட்டுச் சுற்றுலாப் பயணிகள் எழுவர் இறந்தனர். அன்று 13-ஆம் மைல் வரைதான் அனுமதி தரப்பட்டிருந்தது. அதைக் கடந்து சென்ற இடத்தில்தான் பனி சரிந்தது. குளிர்காலத்தைவிட வசந்தத்தில் பனி மென்மையாகத் தெரியும். பகல் வெப்பத்தில் உள்ளே இளகிய பனியே வழுக்கி இறங்குகிறது. எங்கள் ஜீப் ஓட்டுநர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, "இதற்குமேல் இன்றைக்கு இல்லை, தாதா" என்றார். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனால் நல்ல பனி கிடைக்குமே என்று பிள்ளைகள் கெஞ்சினர். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார்.

உயரம் உடலுக்குச் செய்வதையும் அறிந்திருத்தல் வேண்டும். காங்டாக் ஏறத்தாழ 1,650 மீட்டர். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் 2,100 மீட்டர் ஏறிவிடுகிறோம். சோங்மோவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. தலைவலி, குமட்டல், நடைத்தள்ளாட்டம் தோன்றினால் மருந்து தேடுவதற்கு முன் இறங்குவதே மருத்துவம். 5,000 மீட்டருக்கு மேலுள்ள குருடோங்மாரில் காற்றழுத்தம் ஏறத்தாழ பாதி. சிறு குழந்தைகளும் இதய, நுரையீரல் நோயுள்ளோரும் அங்கு செல்வதைத் தவிர்க்க வேண்டும். எங்கள் குழுவில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இருந்தார். ஆதலின் அதைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. சோங்மோவில் நீர் 87 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பதையும் அவரே கண்டறிந்தார்: "கொதிக்கிறது, ஆனால் சுடவில்லையே, இதில் காப்பி எப்படி இறங்கும்?"

அவருக்கு மிகவும் பிடித்த ஏரி மேற்கே, பெல்லிங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள கெச்சியோபால்ரி. சுமார் 1,700 மீட்டர் உயரம். மூச்சுத் திணறல் இல்லை. காடு சூழ்ந்த சிறு ஏரி. கரையில் மணிகளும் வேண்டுதல் கொடிகளும். நீரில் இலை விழுந்தால் பறவைகள் எடுத்துவிடும் என்பது மக்களின் நம்பிக்கை. காலணியைக் கழற்றிவிட்டு நீர்க்கரைக்குச் செல்ல வேண்டும். படகு இல்லை, ஆரவாரம் இல்லை. 2025 தொடக்கத்தில் இது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, சிக்கிமில் முதலாவது. அதே அறிவிப்பில் நம் இராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்களும் இடம்பெற்றன என்றதும், பரமக்குடியில் பிறந்த அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம் கண்மாயும் இதுவும் ஒரே ஏட்டிலா!" என்றார்.

பணம் பற்றிச் சில. காங்டாக், பெல்லிங் கடைகளில் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் எளிது. ஆனால் மேலே ஏற ஏற அலைத்தொடர்பு விட்டுவிட்டு வரும். நாள் ஒன்றிற்குத் தேவையான ரொக்கத்தை, 100, 200 ரூபாய்த் தாள்களாக, இரு வேறு பைகளில் பிரித்து வைத்திருந்தோம். ஒரே கணக்கை இருவரும் நம்பியிராமல் கணவர் ஓர் அட்டையும் மனைவி வேறு கணக்கின் அட்டையும் எடுத்துச் செல்வது நலம். சாலை மூடி ஒருநாள் தாமதமானால் ஆகும் தங்கும் செலவையும் முன்னரே ஒதுக்க வேண்டும். எங்களுக்கும் அது நேர்ந்தது: மண்சரிவால் அரைநாள் ரங்போவில் நின்றோம்.

குப்பை பற்றியும் சொல்ல வேண்டும். 2022 சனவரி 1 முதல் சிக்கிமில் புட்டியில் அடைத்த குடிநீருக்குத் தடை உண்டு. லாச்சென் ஊரார் பத்தாண்டு முன்னரே தம் ஊரில் அதை நிறுத்திவிட்டனர். சுற்றுலா வண்டிகள் பெரிய குப்பைப் பை வைத்திருப்பதும் அங்கு கட்டாயம். வீட்டிலிருந்து எவர்சில்வர் குடுவைகள் கொண்டுசென்றது பயன்பட்டது. கேரவனில் கழிவுத்தொட்டியைத் திறந்துவிட ஓடைகள் வசதியாகத் தோன்றும். அந்த ஓடைநீரைத்தான் அடுத்த வளைவில் உள்ள வீட்டார் குடிக்கின்றனர். சிலிகுரியில் விடுதியாரிடம் கட்டணம் கொடுத்து, அவர்களுடைய கழிவுத்தொட்டியில் இறக்கினோம்.

திரும்பும்போது வண்டியில் ஒரு கீறல் இருந்தது. எடுத்த நாளன்றே நான்கு பக்கமும் உள்ளும் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பியிருந்தோம். அக்கீறல் முதல் நாள் படத்திலேயே இருந்தது. காப்புத்தொகை முழுவதும் மூன்றாம் நாள் கணக்கிற்குத் திரும்பியது. அந்த அம்மாவின் பையில் மட்டும் கெச்சியோபால்ரிக் கரையில் எடுத்த ஓர் இலை இருந்தது. பறவைகள் அதைக் கவனிக்கவில்லை போலும்.